கொதிக்க வைத்த தண்ணீர்

இலத்தூர்,
6.11.2024

அன்புள்ள அத்தானுக்கு,

செல்வி எழுதிக்கொள்வது. நானும் பாப்பாவும் மாமாவும் நலம். அங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டதா? உள்ளுக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொள்கிறீர்களா? டவர் இல்லாத மலை, கடிதம் போய்ச் சேர இருபது நாள் ஆகும் என்று தெரிந்துதான் வழியனுப்பினேன். ஆனாலும் போனில் உங்கள் பெயரைத் திறந்து பார்த்துவிட்டு வைக்கிறேன்.

உமையாளுக்கு இன்றைக்கு நாற்பத்திரண்டு நாள். நீங்கள் புறப்பட்ட மறுவாரமே எனக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. இப்போது சரியாகிவிட்டது. ஆனால் பால் வற்றிப்போயிற்று. தென்காசி டாக்டரம்மா பவுடர் பால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "தண்ணிய நல்லா கொதிக்க வச்சு ஆத்திக் குடுக்கணும்" என்று இரண்டு முறை சொன்னார்கள். எங்கம்மா இருந்திருந்தால் கூடவே நின்றிருப்பாள். பக்கத்து வீட்டுக் காளீஸ்வரி அக்காதான் குளிப்பாட்ட வருகிறாள்.

முக்கியமான செய்தி, மாமா போர் போட்டுவிட்டார்கள். மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் நூற்றுப் பத்து அடியிலேயே கை தண்டிக்குத் தண்ணீர் வந்தது. பஞ்சாயத்துத் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்க வேண்டியதில்லை. அடுப்படிக் குழாயிலேயே வருகிறது. ஊரில் பாதிப் பேரைக் கூட்டிவந்து ஒரு வாய் குடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். நீங்கள் ஐந்தருவிப் பக்கத்திலிருந்து கேனில் கொண்டுவந்து வைத்த தண்ணீர் தீர்ந்துபோனதால், மீன் தொட்டிக்குப் போர் தண்ணீரையே மாற்றினேன். மறுநாள் காலையில் பெரிய ஏஞ்சல் மீன் இரண்டும் ஒருக்களித்துக் கிடந்தன. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. உங்கள் மீன்களை என்னை நம்பி விட்டுப் போனீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

உங்கள் செல்வி

•

24.11.2024

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் நேற்று ஹெலிகாப்டரில் வந்தது. நான் நலம். நேரத்துக்குச் சோறும் பருப்பும் கிடைக்கிறது. உன் காய்ச்சலைப் பற்றி ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டாய். எத்தனை நாள் இருந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

மீன் செத்ததற்கு அழுதிருப்பாய். அழாதே. ஏஞ்சல் உப்புக் குறைந்த தண்ணீரில் வளர்ந்த மீன், புதுத் தண்ணீர் திடீரென்று ஒத்துக்கொள்ளாது. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தொட்டிக்குக் கீழ் அலமாரியில் டெஸ்ட் கிட் பெட்டி இருக்கிறது. அதில் நைட்ரேட் என்று எழுதிய இரண்டு குப்பிகளை எடு. கண்ணாடிக் குழாயில் கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து முதல் குப்பியில் பத்துச் சொட்டு விடு. இரண்டாவது குப்பியை அரை நிமிடம் நன்றாகக் குலுக்கிவிட்டு அதிலும் பத்துச் சொட்டு. குழாயை மூடி ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் வை. பிறகு நிற அட்டையோடு சேர்த்துப் பார். மஞ்சளாக இருந்தால் நல்ல தண்ணீர். ஆரஞ்சு என்றால் கவனிக்க வேண்டும். சிவப்பு ஏற ஏற மோசம். தொட்டித் தண்ணீரைத் தனியாகவும் போர் தண்ணீரைத் தனியாகவும் பார்த்து எழுது.

பாப்பா சிரிக்கிறாளா? இங்கே ஒருவனுக்கும் அவன் பிள்ளை எப்போது சிரித்தது என்று தெரியவில்லை. எல்லாரும் ஊரிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறோம்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

பாண்டிராஜ்

•

இலத்தூர்,
12.12.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். காய்ச்சல் ஒன்பது நாள் இருந்தது. போதுமா? இனி அதைக் கேட்க வேண்டாம்.

நீங்கள் எழுதியபடியே சொட்டு விட்டுப் பார்த்தேன். தொட்டித் தண்ணீர் சிவப்பு. அட்டையில் கடைசிக் கட்டம், நூற்றறுபது என்று போட்டிருக்கிறது. போர் தண்ணீர் அதைவிட அடர்த்தி, செம்பருத்திப் பூவைக் கசக்கிய மாதிரி. நான்தான் தப்பாகச் செய்துவிட்டேனோ என்று மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் அதே நிறம். மாமாவிடம் காட்டினேன். "அது மீனுக்கு உள்ள கணக்கு. மனுசன் குடிக்க தண்ணிக்கு அந்தக் குப்பி சரிப்படாது" என்றார்கள். அதுவும் சரிதானே.

இதுவரை ஏழு மீன்கள் போய்விட்டன. நான்கு பாக்கி.

பாப்பா சிரிக்கிறாள். ஆனால் இப்போதெல்லாம் உறக்கம்தான் அதிகம். பாட்டில் பாதி குடிக்கும்போதே கண் சொருகிவிடுகிறது. அழுகைச் சத்தமே கிடையாது. காளீஸ்வரி அக்கா, "இப்பிடி ஒரு சமத்துப் பிள்ளைய நான் பாத்ததே இல்ல ஏட்டி" என்கிறாள். உங்கள் நிறம் வந்துகொண்டிருக்கிறது. பிறந்தபோது செக்கச்செவேலென்று இருந்தவள், இப்போது உதடுகூடக் கொஞ்சம் கறுத்திருக்கிறது. "அப்பன் நெறம் எங்க போவும்" என்று மாமாவும் சிரித்தார்கள்.

வேறு ஒன்றும் விசேஷமில்லை. நான் பயப்படவில்லை. மழை நன்றாகப் பெய்கிறது.

உங்கள் செல்வி

•

30.12.2024

செல்வி,

நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. இதை முழுக்கப் படித்துவிட்டு உடனே செய்.

பாப்பாவுக்குப் போர் தண்ணீரில் பால் கலக்காதே. ஒரு கரண்டிகூட வேண்டாம். கொதிக்க வைத்தாலும் வேண்டாம். கொதித்தால் கிருமிதான் சாகும். நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகப் போய், மிச்சத்தில் அது இன்னும் கூடும்.

எங்கள் பட்டாளத்து டாக்டர் சாபிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். உரம், சாணிக்குழி, கக்கூஸ் தொட்டி இப்படி ஏதாவது ஒன்றிலிருந்து நிலத்தில் இறங்கித் தண்ணீரில் கலப்பதாம். பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அது ரத்தத்தையே கெடுத்துவிடும், மூச்சுக் காற்றை உடம்புக்குக் கொண்டுபோக விடாது என்றார். உதடு கறுத்திருக்கிறது என்று நீ எழுதியதை நான் மொழிபெயர்த்ததும் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இது எந்தத் தேதி?" என்று கேட்டார். பன்னிரண்டாம் தேதி என்று சொன்னேன்.

வயர்லெஸ்ஸில் கீழே முகாமுக்குச் செய்தி அனுப்பியாகிவிட்டது. அங்கிருந்து குமாஸ்தா அப்பாவின் நம்பருக்கு இன்றோ நாளையோ போன் செய்துவிடுவான். எனவே இந்தக் கடிதம் வரும்போது உனக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கேன் தண்ணீர் வாங்கு. பாப்பாவை உடனே டாக்டரிடம் கொண்டுபோ. நைட்ரேட் என்று வாய்விட்டுச் சொல். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்.

பாண்டி

•

இலத்தூர்,
5.1.2025

அன்புள்ள அத்தானுக்கு,

புது வருடம் உங்களுக்கு நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம். உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. போன வாரம் உங்கள் முகாமிலிருந்து மாமாவுக்குப் போன் வந்ததாம். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று சொன்னார்களாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

எழுத வேண்டாம் என்று மாமா சொன்னார்கள். "அவன் துப்பாக்கியப் பிடிச்சிட்டு நிக்கான், இதெல்லாம் எழுதி அவன் மனசக் கலைக்காத" என்றார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. பாப்பாவைச் சளி என்று தென்காசிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, இருதயத்தில் ஒரு சின்னச் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது, பொங்கல் கழித்து ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார்கள். நிறைய குழந்தைகளுக்கு அப்படி இருக்குமாம், தானாகவே சரியாகிவிடுமாம்.

சுத்தம் முக்கியம் என்றார்கள். அதனால் இப்போது தண்ணீரை இருபது நிமிடம் கொதிக்க விடுகிறேன். பாதியாகச் சுண்டும் வரைக்கும். நேற்றைய தண்ணீரை வைத்துக்கொள்வதில்லை, தினமும் புதிதாகப் பிடிக்கிறேன். என்னால் முடிந்ததை எல்லாம் செய்கிறேன் அத்தான்.

அவள் நகத்தைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இருக்கிறது. குளிராக இருக்கும். சாக்ஸ் போட்டுவிட்டிருக்கிறேன்.

மீன் இரண்டுதான் பாக்கி.

உங்கள் செல்வி

•

22.1.2025

செல்வி,

ஜனவரி ஐந்தாம் தேதி நீ எழுதியது இன்று காலை கைக்கு வந்தது.

நான் சுகமாக இருப்பதாகச் சொல்ல முகாமிலிருந்து யாரும் போன் செய்யவில்லை. தண்ணீரைப் பற்றிச் சொல்லத்தான் போன் செய்தார்கள். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி. அப்பா கேட்டுக்கொண்டு, "சரி, சொல்லிருதேன்" என்றாராம். குமாஸ்தா நோட்டில் குறித்து வைத்திருக்கிறான். அதை நம்பித்தான் நான் இத்தனை நாள் காவலுக்கு நின்றேன், சாப்பிட்டேன், உறங்கினேன்.

நீ இருபது நிமிடம் கொதிக்க விடுகிறாய்.

உன் கடிதத்தை டாக்டர் சாப் கையில் கொடுத்தேன். நகத்தைப் பற்றிய வரியை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் எழுந்து நேராக வயர்லெஸ் அறைக்குப் போனார். முகாமிலிருந்து அப்பாவுக்கு ஐந்து முறை போன் செய்திருக்கிறார்கள். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. உன் நம்பர் அணைந்து கிடக்கிறது. மறுபடியும் முயற்சி செய்கிறோம் என்கிறார்கள்.

நீ எழுதிப் பதினேழு நாள் ஆகிவிட்டது. இந்தப் பதினேழு நாளில் என்ன நடந்ததோ அது நடந்து முடிந்துவிட்டது. நான் எழுதுவது உனக்குக் கிடைக்க இன்னும் இருபது நாள். இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரியும். என் கையில் வேறு வேலை இல்லை. பேனாவை வைத்துவிட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அவளுக்கு இருதயத்தில் ஒன்றும் இல்லை செல்வி. தண்ணீர்தான். அதை யாராவது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பாண்டி

•

இலத்தூர்,
28.1.2025

மகன் பாண்டிராஜுக்கு,

அப்பா முத்துராமலிங்கம் எழுதியது. நேற்று உன் முகாமிலிருந்து வந்த போனை எடுத்தேன். பிள்ளை பிழைத்துவிட்டது என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தை உனக்கு வந்து சேர்ந்திருக்கும். மீதியை நான்தான் எழுத வேண்டும். முப்பத்திரண்டு வருடம் போலீஸ் வேலையில் அடுத்தவன் குற்றத்தை எழுதிய கை. இது என்னுடையது.

டிசம்பர் 31 பகல் பதினொரு மணிக்கு அந்தப் போன் வந்தது. தொழுவத்தில் நின்றுகொண்டிருந்தேன். போர் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று குமாஸ்தா தெளிவாகச் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது. சாணிக்குழிக்கு இவ்வளவு பக்கத்தில் போர் வேண்டாம் என்று காளீஸ்வரி ஒருத்திதான் சொன்னாள். "உனக்கு என்ன தெரியும்" என்று அவள் வாயை அடைத்திருந்தேன். ஊரைக் கூட்டிக் குடிக்க வைத்த தண்ணீர். மீன் வளர்க்கிற பயல் மலையில் உட்கார்ந்துகொண்டு அதில் குற்றம் சொல்கிறான் என்று நினைத்தேன். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். சாயங்காலம் செல்வி, "யாரு மாமா போன்ல?" என்று கேட்டாள். நீ சுகமாக இருப்பதாகச் சொன்னார்கள் என்று வாயில் வந்துவிட்டது. அவள் முகம் தெளிந்ததைப் பார்த்த பிறகு மாற்றிச் சொல்ல முடியவில்லை.

பிள்ளை கறுக்கக் கறுக்க எனக்குப் பயம் வந்துவிட்டது. சொன்னால், எப்போது போன் வந்தது என்று கேட்பாள். ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது. எட்டாம் தேதி அவளுக்குத் தெரியாமல் ஒரு கேன் தண்ணீர் வாங்கிவந்து அடுப்படிக் குடத்தில் ஊற்றி வைத்தேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "இது நேத்துப் பிடிச்சது" என்று சொல்லி வாசலில் கொட்டினாள். குழாயைத் திறந்து புதிதாகப் பிடித்து அடுப்பில் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன் பாண்டி. கொதிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.

பத்தாம் தேதி காலையில் பால் கொடுத்த கொஞ்ச நேரத்தில் பிள்ளை துவண்டுவிட்டது. உதடு சிலேட்டு நிறம். தென்காசியில் மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். நிறம் மாறவில்லை. இருதயம்தான் என்று சொல்லி ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். ஏறுகிற அவசரத்தில் செல்வியின் போன் எங்கேயோ விழுந்துவிட்டது. ஆலங்குளம் தாண்டுகிற வரைக்கும் அவள் பிள்ளையின் மூச்சை ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அங்கே நஸீபா என்று ஒரு சின்ன வயது டாக்டர். ஊசியில் ரத்தம் எடுத்து வெள்ளைப் பஞ்சில் ஒரு சொட்டு விட்டது. சுக்குக் காப்பி நிறம். காற்றில் ஆட்டிப் பார்த்தது. சிவக்கவில்லை. "பவுடர் பாலா? எந்தத் தண்ணி?" என்று கேட்டது. செல்வி, "போர் தண்ணி டாக்டர். இருவது நிமிசம் கொதிக்க வச்சுத்தான் குடுக்கேன்" என்றாள். அந்த டாக்டர் பொண்ணு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "தண்ணிதான் டாக்டர். எம்மவன் பத்து நாளைக்கு முன்னாடியே சொல்லிவிட்டான். நாந்தான் இவகிட்ட சொல்லல" என்று சொல்லிவிட்டேன்.

செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள். டாக்டர் பக்கமாகத் திரும்பி, "நைட்ரேட் நூத்தறுவதுக்கு மேல இருக்கு டாக்டர், மீன் தொட்டி கிட்ல பாத்தேன்" என்றாள். அந்தப் பொண்ணு உடனே ஒரு மருந்து எழுதிக்கொடுத்து ஆளை ஓடவிட்டது. அந்த வார்டில் அது இல்லை. தேடிக் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆயிற்று. குப்பியில் இருந்த பேரைப் பார்த்ததும் செல்வி, "இது மீனுக்குப் பூசணம் பிடிச்சா ஊத்துற நீல மருந்துல்லா" என்று தடுத்தாள். "பேரு ஒண்ணுதான்மா. இது ஊசிக்குன்னே சுத்தமா செஞ்சது. இதுதான் இப்ப வேணும்" என்று டாக்டர் சொல்லி மெதுவாக ஏற்றியது. ஒரு மணி நேரத்தில் காது மடல் சிவந்தது. பிறகு உதடு. பிறகு அழுதது. அந்தச் சத்தத்துக்கு வார்டில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் மூத்திரம் பச்சையும் நீலமுமாகப் போனது. மருந்துதான், பயப்பட வேண்டாம் என்றார்கள். பதினாறாம் தேதி வீட்டுக்கு வந்தோம்.

அதற்குப் பிறகு முகாம் நம்பரிலிருந்து போன் வந்தபோதெல்லாம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்துக்குக் காத்திருக்கவில்லை. நீ எழுத வேண்டும் என்றும் இல்லை.

முத்துராமலிங்கம்

•

15.2.2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான்கு முறை படித்தேன். முதல் முறை படித்ததும் கிழித்துப் போடப் போனேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

உங்களுக்கு ஆறுதலாக ஏதும் எழுத எனக்கு வரவில்லை. குடத்துத் தண்ணீரை அவள் கொட்டியபோது நீங்கள் நின்ற இடம் எனக்குத் தெரியும். அடுப்படி நிலைப்படி. அங்கிருந்து அடுப்புக்கு மூன்று எட்டு. அந்த மூன்று எட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் என்னிடமும் ஒன்று இருக்கிறது. செல்வியின் டிசம்பர் கடிதம் எனக்கு முப்பதாம் தேதி வரவில்லை. இருபத்தெட்டாம் தேதியே வந்துவிட்டது. உதடு என் நிறத்துக்கு வருகிறது என்று எழுதியிருந்ததை இங்கே எல்லாருக்கும் படித்துக் காட்டிச் சிரித்தேன். நூற்றறுபது என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ உறுத்தியது. மீன் தொட்டித் தண்ணீரைப் பற்றி டாக்டர் சாபிடம் போய்க் கேட்டால் என்ன நினைப்பார் என்று வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அங்கே ஒவ்வொரு நாளும் ஏழெட்டு முறை அவள் பால் கலக்கிக் கொடுத்திருப்பாள்.

இதை அவளிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். நான் வந்து சொல்கிறேன்.

ஏப்ரல் முதல் வாரம் லீவு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாண்டிராஜ்

•

இலத்தூர்,
9.3.2025

அன்புள்ள அத்தானுக்கு,

செல்வி எழுதிக்கொள்வது. உமையாள் நலம். குப்புற விழுந்து தலையைத் தூக்குகிறாள். கோபம் வந்தால் தெரு முனை வரைக்கும் சத்தம் கேட்கிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

இரண்டு மாதமாக எழுதாததற்குக் காரணம் கேட்காதீர்கள். டிசம்பர் முப்பதாம் தேதி நீங்கள் எழுதியது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, ஜனவரி பத்தொன்பதாம் தேதி கையில் கிடைத்தது. 'உனக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கும்' என்ற வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. பதில் எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடும்.

புளியறையிலிருந்து அண்ணன் வந்து, "கெளம்பு, அங்கன வந்து இரி" என்றான். பெட்டியைக்கூடக் கட்டினேன். பிறகு போகவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. மாமாவோடு பேச்சு இல்லை. சோறு போடுவேன். தட்டை வைத்துவிட்டு வந்துவிடுவேன். அவர்கள் போர் மோட்டாரின் வயரைத் தாங்களே கழற்றிவிட்டார்கள். குடத்தோடு போய்ப் பஞ்சாயத்துக் குழாயில் பெண்களோடு வரிசையில் நிற்கிறார்கள். நான் அதையும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மீன் எல்லாம் போய்விட்டது. கடைசி இரண்டும் நாங்கள் திருநெல்வேலியில் இருந்தபோதே செத்துவிட்டன.

போன வாரம் அரசு ஆய்வுக்கூடத்திலிருந்து காகிதம் வந்தது. நம் போர் தண்ணீரில் நைட்ரேட் இருக்கலாம் என்கிற அளவைப் போல் நான்கு மடங்கு. அன்றைக்கு எனக்கு உறக்கமே இல்லை. நம் பூமியில் இருப்பது நம் வேலிக்குள்ளேயே நின்றுவிடுமா? பக்கத்துத் தெருவில் நிர்மலாதேவி அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பிள்ளைக்கு இரண்டு மாதம். பாட்டில் பால் என்று காளீஸ்வரி அக்கா சொல்லியிருந்தாள். கிட்டில் இன்னும் முப்பது தடவைக்குச் சொட்டு இருந்தது. மறுநாள் காலையில் பாப்பாவைக் காளீஸ்வரி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

நிர்மலாதேவி அக்கா கேட்டைத் திறக்கவில்லை. "மீன் மருந்தக் கொண்டுவந்து எங்க தண்ணியச் சோதிக்கப் போறியா? ஒம் பிள்ளைக்கு நெஞ்சுல கோளாறுன்னு ஊரே சொல்லுது. தண்ணியக் கொற சொல்லாத. எங்க போர்ல நாங்க பத்து வருசமா குடிக்கோம்" என்றாள். உள்ளே பிள்ளை அழுகிற சத்தம்கூட இல்லை. அழுகைச் சத்தம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பின்னாலிருந்து மாமா குரல் கேட்டது. எப்போது வந்தார்கள் என்று தெரியாது. கேட்டைப் பிடித்துக்கொண்டு, தெருவில் நாலு பேர் நிற்கும்போது, "நிர்மலா, எம் பேத்திக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்ல. நான் போட்ட போர் தண்ணிதான் அவளக் கொல்லப் பாத்துச்சு. எம்மவன் ஆளுவிட்டுச் சொன்னான். எனக்குத் தெரிஞ்சும் பத்து நாளு வாயத் தொறக்கல. ஊருக்குள்ள என் தண்ணிய ஒருத்தனும் கொற சொல்லிரக் கூடாதுன்னு இருந்தேன். நீயும் அப்பிடி இருக்காத தாயி. ஒரு சொம்புத் தண்ணி குடு, போதும்" என்றார்கள். கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி நின்று சொன்னார்கள். அந்த அக்கா கேட்டைத் திறந்துவிட்டாள்.

அங்கேயும் சிவப்புதான் அத்தான். நம் போர் அளவுக்கு இல்லை, ஆனால் சிவப்பு. அந்த அக்காவின் மகள் அடுப்பில் இருந்த பாத்திரத்தை இறக்கி முற்றத்தில் கொட்டினாள். பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கிவந்து காட்டினாள். உதட்டோரத்தில் லேசாகத்தான் இருந்தது. அன்றைக்கே தென்காசிக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது நைட்ரேட் என்ற வார்த்தையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவள் கையில் கொடுத்தேன். நல்ல வேளை, ஊசி போடுகிற அளவுக்குப் போகவில்லை. தண்ணீரை மாற்றியதுமே தெளிந்துவிட்டதாம்.

மாமாவை நான் மன்னித்துவிட்டேனா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியவில்லை. குடத்தைப் பார்க்கும்போது இல்லை என்று தோன்றுகிறது. பாப்பா உறங்கினால் உதட்டைப் பார்க்க நான் எழுந்து போவேன். அங்கே அவர்கள் ஏற்கெனவே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்னைக் கண்டதும் நகர்ந்துவிடுவார்கள்.

அன்றைக்கு நிர்மலாதேவி அக்கா வீட்டைவிட்டு வெளியே வந்து தெருவில் நின்றேன். அந்தத் தெருவில் போர் போட்ட வீடு இன்னும் ஆறு இருந்தது. அடுத்த வீட்டு வாசலில் கொடியில் சின்னச் சின்னத் துணிகள் காய்ந்தன. கைப்பிள்ளைக்காரி இருக்கிற வீடு. எனக்கு உள்ளே போகத் தைரியம் வரவில்லை. மாமா நாலடி தள்ளி, நான் வீட்டுக்குத் திரும்பட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்கள். ஐம்பத்திரண்டு நாள் கழித்து நான் அவர்களிடம் பேசினேன்.

"நீங்க முன்னால போய்ச் சொல்லுங்க மாமா. நான் பின்னாடியே வாரேன்."

அவர்கள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார்கள்.

ஏப்ரலில் வாருங்கள். பத்திரமாக வாருங்கள்.

உங்கள் செல்வி